இளம் மிஷனரிகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த தம்பதிகள்: ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?

ஓய்வுக்காலம்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் தனித்தனிக் குடும்பமாகப் போய்விட்டார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதியாக ஊழியத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். அதிலும் இளம் எல்டர்களையும் (ஆண் மிஷனரிகள்) சிஸ்டர்களையும் (பெண் மிஷனரிகள்) கவனித்துக்கொள்ளும் பணி கிடைத்தால் நல்லது என்பது எங்கள் ஆசை.

இதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் புகைப்படமும் சாட்சியுமாக இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, விசேஷம் ஒன்றும் இல்லாத நாள், காலையிலிருந்து இரவு வரை என்ன செய்வீர்கள்? மனைவி கேட்கும் கேள்வி இன்னும் கூர்மையானது. "அந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன முறை? அப்பா அம்மாவா, மேலதிகாரியா?" போய் வந்தவர்கள் சொல்லுங்கள். நீளமாக எழுதினாலும் முழுக்கப் படிப்போம்.

சாவிக்கொத்து:

ஐயா, செவ்வாய்க்கிழமையைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. எங்கள் வாரத்தில் அதுதான் நெருக்கடியான நாள்.

நானும் என் மனைவியும் மிஷன் அலுவலகத்தில் வீடுகளுக்குப் பொறுப்பாக இருந்தோம். மிஷனரிகளின் ஆயத்த நாள் பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, சாமான் வாங்குவது, வீட்டைக் கழுவுவது எல்லாம் அன்றுதான். வாரம் முழுக்கக் கண்ணில் படாத ஒழுகலும் உடைசலும் அன்றைக்குத்தான் தெரியவரும். செவ்வாய் காலை ஜெபம், வேதம் முடித்து அலைபேசியை எடுத்தால் வெந்நீர் வரவில்லை, கதவுச் சாவி உள்ளேயே முறிந்துவிட்டது, மாடி வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்று செய்திகள் வரிசைகட்டி நிற்கும். மதியம் வரை அதிலேயே போகும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம், பழுது பார்ப்பவரோடு பேச்சு. மதியத்துக்கு மேல் வண்டியில் ஒரு மெத்தையையோ மேசையையோ ஏற்றிக்கொண்டு கிளம்புவோம்.

புதிய இடத்தில் மிஷனரிகளை வைக்க முடிவு செய்தால் வேலை இரட்டிப்பாகும். ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு படிப்பு மேசை, நாற்காலி, திரைச்சீலை, புகை அலாரம், தீயணைப்பான், 72 மணி நேரத்துக்குத் தாங்கும் அவசரப் பை எல்லாம் வேண்டும். இவற்றோடு கார்பன் மோனாக்சைடு அலாரமும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. எரிவாயு ஹீட்டரைப் போட்டுச் சன்னலை மூடிக்கொண்டு தூங்கும் இரண்டு பேரை எழுப்ப அந்தச் சின்னக் கருவியை விட்டால் வேறு வழியில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர். அந்த வாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். யார் எங்கே, யாரோடு என்று அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பான மிஷன் பிரசிடென்ட் ஜெபித்து முடிவெடுப்பார். முடிவு அவருடையது, அதை நடத்திக்காட்டுவது எங்கள் பங்கு. பெட்டிகள், வண்டிகள், விமான நிலையம், இரண்டு பேர் இருந்த வீட்டில் திடீரென்று மூன்று பேர். புதிதாக வந்திறங்கும் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் நின்றுகொண்டே கண் அசருவார்கள். அதே நாளில் ஊழியம் முடித்துப் போகிறவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். ஒரே அறையில் இரண்டையும் பார்ப்போம்.

வடக்குச்சன்னல்:

நான் இந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. நண்பர் ஒருவர் இணைப்பு அனுப்பினார், ஆர்வத்தில் படிக்கிறேன். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இந்த மிஷனரிகள் எல்லோரும் 18 வயது தாண்டியவர்கள். ஓட்டுப் போடும் வயது. அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குள் ஒரு தம்பதி வந்து அடுப்பைப் பார்ப்பதும் குளியலறையைப் பார்ப்பதும் கண்காணிப்பு ஆகாதா? என் மகன் வீட்டில் நானே அப்படிச் செய்ய மாட்டேன்.

நீலக்கதவு:

வடக்குச்சன்னல் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஓய்வுக்காலம் ஐயாவின் மனைவி கேட்டதற்கும் இதற்கும் பதில் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி கொஞ்சம். 2012 அக்டோபரில் ஊழியத்துக்குப் போகும் குறைந்த வயதைச் சபை குறைத்தது. ஆண்களுக்கு 19 இலிருந்து 18, பெண்களுக்கு 21 இலிருந்து 19. அப்போது உலகம் முழுவதும் 58 ஆயிரத்துச் சொச்சம் மிஷனரிகள் இருந்தார்கள். 2014 முடிவில் 85 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். எண்ணிக்கையை விட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. கல்லூரி விடுதியிலோ வாடகை அறையிலோ ஒரு வருடமாவது தனியாக இருந்து பார்த்துவிட்டு வந்தவர்களின் இடத்தில், பள்ளி முடித்த கையோடு வருகிறவர்கள் வந்தார்கள். துணியைப் பிரித்துத் துவைக்கத் தெரியாது, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் நாளையும் பாருங்கள். காலை 6:30-க்கு எழுந்து உடற்பயிற்சி, படிப்பு. அப்புறம் இரவு வரை வெளியே. 10:30-க்கு விளக்கணைப்பு. 2017-இல் இந்த அட்டவணையில் சில தளர்வுகள் கொடுத்தார்கள் என்றாலும் அடிப்படை அதேதான். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். இவ்வளவு காலமும் ஒரு கம்பேனியனோடு, அதாவது ஜோடியாக ஊழியம் செய்யும் சக மிஷனரியோடு, அவர் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கம்பேனியனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மொழி புதிது. கதவைத் தட்டினால் பெரும்பாலும் மறுப்புதான் கிடைக்கும். இப்படி ஒரு நாளை முடித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் போய் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் என்ன சொல்லும்? "நன்றாக இருக்கிறேன் சிஸ்டர்" என்றுதான் சொல்லும். கேட்பவர் கூட அதோடு திருப்தியாகி வந்துவிடலாம்.

இங்கேதான் அடுப்பும் குளியலறையும் வருகின்றன. நாங்கள் திடீரென்று போய் நிற்க மாட்டோம். நாளும் நேரமும் சொல்லி, இரண்டு பேருமாகத்தான் போவோம். சிஸ்டர்களின் வீட்டுக்கு என் கணவர் ஒருநாளும் தனியாகப் போனதில்லை. போனதும் என் கணவர் பல்பு மாட்டுவார், நான் குளிர்சாதனப் பெட்டியின் ரப்பரைத் துடைப்பேன். கை வேலையில் இருக்கும்போது கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளைகள் பேச ஆரம்பிப்பது அப்போதுதான். "சிஸ்டர், போன வாரம் நான் சரியாகத் தூங்கவே இல்லை" என்று ஒரு எல்டர் சொன்னது, நான் அலமாரித் தட்டில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தபோது. உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அந்த வாக்கியம் வந்திருக்காது.

வீடு நிறையச் சொல்லும். பாத்திரம் கழுவாமல் கிடப்பது பெரிய விஷயம் இல்லை, இளவட்டங்கள் அப்படித்தான். வழக்கமாகச் சுத்தமாக வைத்திருக்கும் ஒரு பிள்ளையின் பக்கம் மட்டும் திடீரென்று குலைந்து கிடந்தால் நான் நிதானிப்பேன். இரண்டு மேசைகளும் எதிரெதிர் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தால், அவர்களுக்குள் பேச்சு நின்றுவிட்டதோ என்று நினைப்பேன். பிரிக்காத கடிதம் மேசையில் கிடந்தால் மனதில் குறித்துக்கொள்வேன். இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு யாருக்கும் அனுப்பியதில்லை. அடுத்த முறை வரும்போது கொஞ்சம் அதிக நேரம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வேன்.

ஆக, எங்கள் முறை என்ன? அப்பா அம்மா அல்ல. அவர்களுக்குச் சொந்த அப்பா அம்மா இருக்கிறார்கள், அந்த இடத்தில் ஏறி உட்காரக் கூடாது. மேலதிகாரியும் அல்ல. அது பிரசிடென்டின் பொறுப்பு. வாராவாரம் அவருக்குத்தான் கடிதம் எழுதுகிறார்கள், அவர்தான் நேர்காணல் செய்கிறார். நாங்கள் தவறாமல் வருகிறவர்கள், அவ்வளவே. வருகிறோம் என்றால் வருவோம், மெத்தை கொண்டுவருகிறோம் என்றால் கொண்டுவருவோம். மெத்தை விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம்தான் மனதில் இருப்பதைச் சொல்லத் துணிவார்கள். மூத்த தம்பதியின் ஊழியமே இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய_எல்டர்:

அக்கா எழுதியதை மறுமுனையிலிருந்து நான் உறுதி செய்கிறேன். எனக்கு முதல் 12 வாரம், அதாவது பயிற்சிக் காலம், மிகக் கஷ்டமாக இருந்தது. ட்ரெய்னர், அதாவது எனக்குப் பழக்கிக்கொடுத்த கம்பேனியன், நல்லவர், ஆனால் அவருக்கே 20 வயதுதான். நான் இரவில் அழுவது அவருக்குத் தெரியும். என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதியில் இருந்த தம்பதிக்கு நாங்கள் பேசிய மொழி வராது. என் தாய்மொழி வரும். வாரத்தில் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனால் அரைமணி நேரம் என் மொழியில் பேசலாம். இலக்கணம் யோசிக்காமல், வார்த்தை தேடாமல் பேசுவது எப்பேர்ப்பட்ட ஓய்வு என்பது அந்நிய மொழியில் நாள் முழுக்கத் திணறியவனுக்குத்தான் தெரியும். அவர்கள் எனக்கு அறிவுரை சொன்னதாக நினைவே இல்லை. அந்த அம்மா என் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. ஒருநாள் என் கம்பேனியன் மீது எனக்குப் பெரிய கோபம். அந்த ஐயாவிடம் போய்க் கொட்டினேன். அவர் என் பக்கமும் சேரவில்லை, அவன் பக்கமும் சேரவில்லை. "வாராந்திரத் திட்டமிடலில் இருவரும் மனம் விட்டுப் பேச நேரம் இருக்கிறதே, அங்கே இதை அவரிடமே இதே வார்த்தைகளில் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அப்படியானால் எந்த வார்த்தைகளில் முடியும்?" என்று கேட்டு, என்னோடு உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக மாற்றினார். இன்று என் மனைவியோடு பேசவும் அந்தப் பழக்கம் எனக்கு உதவுகிறது.

மருந்துப்பெட்டி:

நான் மருத்துவத் துறையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, கணவரோடு போய் மிஷனரிகளின் உடல்நலத்துக்கு உதவினேன். நடைமுறை விஷயங்கள் சில, புதிதாகப் போகிறவர்களுக்காக.

நீங்கள் நினைப்பதை விடச் சாதாரணமான தொல்லைகள்தான் அதிகம் வரும். காலில் கொப்புளம், சதைக்குள் வளரும் நகம், வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு, முதுகுவலி. நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டச் சொல்லுங்கள், இறுக்கமான ஷூவை மாற்றச் சொல்லுங்கள், பாதி நோயாளிகள் குறைந்துவிடுவார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்பு கூடிவிடக் கூடாது. அளவை எழுதிச் சமையலறையில் ஒட்டிவைத்தேன்.

நாய்க்கடியைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நடந்தே திரிகிறவர்கள், முன்பின் தெரியாத வாசல்களில் நிற்கிறவர்கள் என்பதால் கடிபடும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. "கீறல்தான் சிஸ்டர், அடுத்த சந்திப்புக்கு நேரமாகிவிட்டது" என்று சொல்லும் பிள்ளையிடம் அன்று நான் கண்டிப்பாகவே பேசுவேன். சந்திப்பு காத்திருக்கும்.

மூட்டைப்பூச்சி வந்தால் யாரையும் குறை சொல்லாதீர்கள். சுத்தமான வீட்டுக்கும் அது பெட்டியில் ஏறி வரும். சங்கடப்பட்டு மறைப்பார்கள், அதற்குள் டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டால் அடுத்த வீட்டுக்கும் போய்விடும். துணியைச் சூடான நீரில் துவைத்து அதிக வெப்பத்தில் உலர்த்துவது, வீட்டுக்குத் தொழில்முறை ஆளை அழைப்பது, இரண்டும் உடனே நடக்க வேண்டும்.

மனநலம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டு ஏக்கம் இயல்பானது, முதல் சில வாரங்களில் அதிகமாக இருந்து மெல்லத் தணியும். மிஷனரிகளுக்கென்று சபை கொடுக்கும் கையேட்டில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். "இன்று எந்த நிறம்?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளும் நேராகப் பதில் சொல்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் அது ஏக்கம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பிரசிடென்ட் மூலமாக அவர்களிடம் சேர்த்துவிடுவதுதான் நம் வேலை. நாமே மருத்துவர் ஆகிவிடக் கூடாது. மருத்துவத் துறையில் இருந்த நான்கூட அந்த வரம்பை வைத்துக்கொண்டேன்.

நீலக்கதவு:

மருந்துப்பெட்டி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், சொல்கிறேன்" என்று சில பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். அந்தச் சத்தியத்தைக் கொடுக்கவே கூடாது. "நீ சொல்வதை ஊர்க்கதை ஆக்க மாட்டேன். ஆனால் உன் உயிருக்கோ இன்னொருவர் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால், உதவக்கூடியவரிடம் உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்" என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகும் எல்லோருமே சொன்னார்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறது என்று யாராவது சொன்னால் அன்றிரவே பிரசிடென்டுக்கு அழைப்பு, பிள்ளையைத் தனியாக விடாமல் கூடவே இருப்பது. இதில் காலை வரை பொறுப்போம் என்ற பேச்சே கிடையாது.

மகனின்தாய்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் மகன் ஊழியத்தை முடிக்காமல் திரும்பி வந்தவன். பதற்ற நோய். சில மாதங்கள்தான் அங்கே இருந்தான். அவன் இருந்த மிஷனில் ஒரு மூத்த தம்பதி இருந்தார்கள். 2019 பிப்ரவரிக்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை வீட்டோடு பேசலாம் என்று ஆகிவிட்டதால், அவன் முகம் வாடுவது எனக்குத் திரையில் தெரிந்தது. அதற்கு முன்பு போல மின்னஞ்சலும், வருடத்துக்கு இரண்டு தொலைபேசி அழைப்பும் மட்டும் என்றால் எனக்குத் தெரிந்திருக்காது. நான் அந்த சிஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் என் மகனைப் பற்றி எனக்கு உளவு சொல்லவில்லை. "அம்மா, உங்கள் கவலையை உரியவரிடம் சேர்த்துவிட்டேன். நாளை மறுநாள் நாங்கள் அவரைப் பார்க்கிறோம். இந்த வாரம் அவரோடு பேசும்போது, என்னிடம் பேசியதாக நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்று பதில் போட்டார். அந்தச் சமயத்தில் எனக்கு இன்னும் விவரம் வேண்டும் என்று இருந்தது. இப்போது யோசித்தால், மகனுக்குத் தெரியாமல் அவனைப் பற்றிப் பேசாமல் இருந்ததுதான் அவனுக்குச் செய்த மரியாதை என்று புரிகிறது.

அவன் திரும்பி வருவது என்று முடிவான பிறகு, விமான நிலையத்துக்கு அவனை அழைத்துப் போனது அவர்கள்தான். வழியெல்லாம் அவனோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டு போனார்களாம். தோற்றுப்போய் ஊருக்குத் திரும்புகிற ஒருவனைப் போல அவர்கள் நடத்தவே இல்லை என்று அவன் சொன்னான். இப்போது வீட்டில் இருந்தபடியே சர்வீஸ் மிஷனரியாக இருக்கிறான், சிகிச்சையும் நடக்கிறது. இந்த இழையில் உள்ள மூத்தவர்கள் எல்லோருக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். சீக்கிரம் திரும்பிப் போகிற பிள்ளைக்கும், முழுக்காலம் முடித்துப் போகிற பிள்ளைக்கும் ஒரே மாதிரி வழியனுப்புங்கள். ஒரே கைகுலுக்கல், ஒரே சிரிப்பு. அதைப் பிள்ளைகள் எத்தனை வருடமானாலும் மறக்க மாட்டார்கள்.

சாவிக்கொத்து:

அம்மா, எழுதியதற்கு நன்றி. உங்கள் மகன் நலமாக இருக்க ஜெபிக்கிறோம்.

பெற்றோர் செய்தி அனுப்புவது இப்போது எல்லா மூத்த தம்பதிகளுக்கும் வரும் விஷயம். எங்களுக்கும் வந்தது. பரிவோடு பதில் போடுங்கள், உடல்நலம் சம்பந்தப்பட்டதைப் பிரசிடென்டிடமோ அவர் மனைவியிடமோ சேர்த்துவிடுங்கள், மற்றதைப் பிள்ளையிடமே கேட்கச் சொல்லுங்கள். இந்த அம்மாவுக்கு வந்த பதில்தான் சரியான மாதிரி.

வடக்குச்சன்னல்:

என் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. நான் கண்காணிப்பு என்று நினைத்ததை நீங்கள் வேறு விதமாகச் செய்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் என் கவலை முழுக்கப் போகவில்லை. இது போகிற தம்பதியின் குணத்தைப் பொறுத்தது இல்லையா? நீலக்கதவு அவர்கள் போல எல்லோரும் இருப்பார்களா? அதிகாரம் காட்டப் பிடித்த ஒருவர் போய்விட்டால்?

நீலக்கதவு:

ஐயா, உண்மை. குணத்தைப் பொறுத்ததுதான். அதிகாரத்தை விட நான் அதிகம் பார்த்த கோளாறு வேறு, செல்லம். எல்லாவற்றையும் தானே செய்து கொடுத்துவிடும் அன்பு. சமைத்துக் கொடுப்பது, துவைத்துக் கொடுப்பது, வீட்டுக்காரரோடு பேச வேண்டியதைத் தானே பேசி முடிப்பது. பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த டிரான்ஸ்ஃபரில் தம்பதியே இல்லாத பகுதிக்குப் போவார்கள். அங்கே குழாய் ஒழுகினால்? ஆகவே முதல் முறை நான் செய்து காட்டுவேன், இரண்டாம் முறை பக்கத்தில் நிற்பேன், மூன்றாம் முறை தொலைபேசியில் மட்டும் இருப்பேன்.

அதிகாரம் காட்டுகிறவர்களைப் பற்றி: வீட்டைப் பார்க்கப் போவதும் நாள் குறித்துத்தான், எதைப் பார்ப்போம் என்பதும் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். தனிப் பெட்டியைத் திறக்கக் கூடாது, நாட்குறிப்பைத் தொடக் கூடாது. ஒரு பிள்ளைக்கு எங்களைப் பிடிக்காவிட்டால் பிரசிடென்டிடம் நேரே சொல்லலாம். அந்த வழி எப்போதும் திறந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் நாங்களே சொல்லிவைத்தோம்.

ஓய்வுக்காலம்:

படிக்கப் படிக்க மனம் நிறைகிறது. இப்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறார். நாங்கள் இருவரும் நாள் முழுக்கச் சேர்ந்தே இருந்து பழக்கமில்லாதவர்கள். நான் வேலைக்குப் போனேன், அவர் வேறு வேலைக்குப் போனார், சாயங்காலம்தான் சந்திப்போம். 24 மணி நேரமும் ஒன்றாக இருப்பது எப்படிப் போகும்? இளையவர்களின் விதிகள் எங்களுக்கும் உண்டா? பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க வேண்டுமா? அவருக்கு இதுதான் பெரிய தயக்கம்.

நீலக்கதவு:

அம்மாவிடம் சொல்லுங்கள், இளையவர்களின் அட்டவணை மூத்தவர்களுக்குக் கிடையாது. 6:30-க்கு எழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வீடுவீடாகப் போகச் சொல்ல மாட்டார்கள். உடம்புக்கு முடிந்ததைச் செய்யலாம். குடும்பத்தோடு எப்போது வேண்டுமானாலும் பேசலாம், காணொளியில் பார்க்கலாம். குடும்பத்தில் முக்கியமான நிகழ்வு என்றால் அனுமதி பெற்று, சொந்தச் செலவில் சில நாள் போய் வரவும் வழி உண்டு. ஆனாலும் பேரப்பிள்ளையின் முதல் அடியைத் திரையில் பார்ப்பது திரையில் பார்ப்பதுதான். அந்த வலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இருந்தது. பிரிவு இருக்கும் என்று தெரிந்தே போங்கள்.

கணவன் மனைவி விஷயம். முதல் சில வாரம் உரசல் வரும். அலுவலகத்தில் நாற்பது வருடம் முடிவெடுத்துப் பழகியவருக்கு, வண்டியில் மெத்தையை எப்படிக் கட்டுவது என்று மனைவி சொன்னால் பிடிக்காது. நாங்கள் இளையவர்களிடமிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டோம். வாரத்தில் ஒருநாள் மாலை அவர்கள் மனம் விட்டுப் பேசுவது போலவே நாங்களும் உட்கார்ந்தோம். இந்த வாரம் எது நன்றாகப் போனது, எது வருத்தியது, அடுத்த வாரம் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனையோ வருடக் கல்யாணத்தில் நாங்கள் செய்யாத ஒன்று அது. திரும்பி வந்த பிறகும் தொடர்கிறோம்.

அப்புறம், வாரத்தில் ஒருநாள் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அலைபேசியை அவசரத்துக்கு மட்டும் எடுங்கள். மூத்த தம்பதி களைத்துப் போனால் பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், தெரிந்ததும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டியதையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

பழைய_எல்டர்:

சும்மா ஒரு சேர்க்கை. எங்கள் தம்பதி தங்களுக்குள் பேசிக்கொண்ட விதத்தை நாங்கள் கவனித்தோம். அந்த ஐயா மனைவி பேசி முடிக்கும் வரை குறுக்கிட மாட்டார். சண்டையும் சத்தமுமான வீட்டிலிருந்து வந்த ஒரு எல்டர் என்னோடு இருந்தான். அவன் அவர்கள் வீட்டுக்குப் போக அவ்வளவு ஆசைப்பட்டதற்குக் காரணம் சாப்பாடு என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் பேசுவதைக் கேட்கத்தான் வந்தேன் என்று பிறகு அவனே சொன்னான்.

ஓய்வுக்காலம்:

மனைவி இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சரி, கேட்டுப் பார்ப்போம்" என்றார். எங்கிருந்து தொடங்குவது?

சாவிக்கொத்து:

உங்கள் உள்ளூர்ச் சபையின் தலைவரான பிஷப்பிடம் பேசுங்கள், அவரோடுதான் விண்ணப்பம் தொடங்கும். வீட்டில் உங்களைச் சார்ந்த பிள்ளைகள் இல்லை என்பதால் அந்தத் தடை இல்லை. ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை எவ்வளவு காலம் முடியும் என்று நீங்களே குறிப்பிடலாம். எந்த வகைப் பணி விருப்பம் என்றும் எழுதலாம். ஆனால் அழைப்பு வேறு பணிக்கும் வரலாம், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செலவு உங்களுடையது, ஆகவே கணக்கை முதலிலேயே உட்கார்ந்து போடுங்கள். மருத்துவப் படிவமும் பல் பரிசோதனையும்தான் அதிக நாள் இழுக்கும். பல் மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.

மருந்துப்பெட்டி:

நீங்கள் இருவரும் தினமும் எடுக்கும் மாத்திரைகளின் பெயர், அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வணிகப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வேறு நாட்டுக்கு அழைப்பு வந்தால் அங்கே வணிகப் பெயர் வேறாக இருக்கலாம், மூலப் பெயரைச் சொன்னால்தான் மருந்தைக் கண்டுபிடிக்க எளிது. இருவருக்கும் மாற்று மூக்குக்கண்ணாடி ஒன்றும் செய்துகொள்ளுங்கள்.